புத்தகம் பேசும், கேட்கும் காது வேண்டும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

'வாசிப்பும் வீடும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதை வானொலியை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வானொலிக்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தேர்ச்சி அறிக்கை வாங்க வரும் பெற்றோர் பலர் எங்களிடம் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "நமக்குப் படிப்பு ஏது சார்? புள்ள என்னா படிக்குதுன்னு பாக்கக்கூடத் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும்." இதைச் சொல்லும்போது அவர்கள் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. இந்தத் தலைகுனிவுக்கு அவசியமே இல்லை என்று சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

தோட்டப்புறத்தில் வானொலிக்கு எப்போதும் தனி மரியாதை உண்டு. லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ பாடினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். பெரியவர்கள் 'வானொலி ஆறு' என்று சொல்லிப் பழகினார்கள். இன்று பிள்ளைகள் 'மின்னல் பண்பலை' என்கிறார்கள். பாட்டு, செய்தி, நாடகம் என்று கேட்டு வந்திருக்கிறோம். வானொலிக்கு வேறொரு வேலையும் உண்டு. ஓர் எழுத்தாளரையோ சிந்தனையாளரையோ கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, "இந்தப் புத்தகத்தை ஏன் எழுதினீர்கள்? இதில் வரும் மனிதர் யார்? உங்கள் ஊரில் அப்படித்தான் வாழ்கிறார்களா?" என்று கேட்டுப் பேசவைக்கும் வேலை அது. புத்தகத்தைக் கையில் தொடாதவரும் அந்த உரையாடலைக் கேட்டு அதற்குள் நுழைந்துவிடலாம். எழுத்துக்குக் கண் வேண்டும். பேச்சுக்குக் காது போதும்.

இது எப்படி நடந்தது என்பதற்கு மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

காகிதம் இல்லாத பத்திரிகை

முதலாவது லண்டனில் நடந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளர் 1941 முதல் 1943 வரை பிபிசி வானொலியின் கீழைநாட்டுச் சேவையில் வேலை செய்தார். பின்னாளில் 'விலங்குப் பண்ணை', '1984' ஆகிய நாவல்களை எழுதி உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். பிறந்தது நம் இந்தியாவில், பீகார் மாநிலத்து மோதிஹாரியில், 1903-ஆம் ஆண்டு.

போர்க்காலத்தில் பிரிட்டனில் காகிதத்துக்குப் பங்கீடு. பத்திரிகை அச்சடிப்பது பெரும்பாடு. ஆர்வெல் ஒரு யோசனை செய்தார். காகிதமே இல்லாமல் வானொலியிலேயே ஓர் இலக்கியப் பத்திரிகை நடத்தினால் என்ன? 1942-இல் 'குரல்' என்று பொருள்படும் பெயரில் அப்படி ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். ஆறு 'இதழ்கள்' வெளிவந்தன. கவிஞர்கள் வந்து கவிதை படிப்பார்கள். பிறகு அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுவார்கள். அந்தப் பேச்சு இந்தியாவுக்கு ஒலிபரப்பாகும்.

அந்த நிகழ்ச்சியின்போது எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் புத்தகங்களில் வருகிறது. ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் அதில் அமர்ந்திருக்கிறார். ஜமைக்காவைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி ஊனா மார்சன் இருக்கிறார். ஆர்வெல் பின்னால் நிற்கிறார். அவர்களுக்கு நடுவே ஒரு தமிழரும் இருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் தம்பிமுத்து, இலங்கைத் தமிழர். 1939-இல் லண்டனில் ஒரு கவிதை இதழைத் தொடங்கி, ஆங்கிலக் கவிஞர்களே தங்கள் கவிதைகளைக் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு அதை நடத்திக் காட்டியவர்.

அதே படத்தில் இருக்கும் முல்க் ராஜ் ஆனந்தை நாம் மறக்கக்கூடாது. இவர் 1936-இல் எழுதிய நாவலின் பெயரே 'கூலி'. அடுத்த ஆண்டு 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்ற நாவலை எழுதினார். தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்களுக்குத் தலைப்பைக் கேட்டவுடனே புரிந்துவிடும். ஆசை காட்டி அழைத்துவரப்பட்டு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் சிக்கிய ஒரு குடும்பத்தின் கதை அது. நம்மைப்போன்ற தோட்டத்து மக்களின் வாழ்க்கையை எழுதிய மனிதர், எலியட்டுக்குச் சமமாக மைக் முன்னால் அமர்ந்து பேசினார்.

வானொலியைப் பற்றி ஆர்வெல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வானொலியில் பேசும் குரலை எத்தனை லட்சம் பேர் கேட்டாலும், ஒவ்வொருவரும் தம் வீட்டில் தனியாகவோ நாலைந்து பேராகவோதான் கேட்கிறார்கள், ஆகவே தனக்கே சொல்வதுபோல ஒவ்வொருவருக்கும் தோன்றும் என்பது அவர் கருத்து. மேடைப்பேச்சு கூட்டத்துக்கு. வானொலிப் பேச்சு வீட்டுக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகள்

இரண்டாவது உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது.

நம் முன்னோர் ஒப்பந்தத்திலும் கங்காணி முறையிலும் மலாயாவுக்கு வந்ததுபோல, உலகத்தின் மறுகோடியில் இருக்கும் டிரினிடாட் தீவுக்கும் இந்தியர்கள் போனார்கள். 1845 முதல் 1917 வரை 1,40,000-க்கும் மேற்பட்டோர் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழரும் அவர்களில் உண்டு.

சற்றுமுன் சொன்ன ஊனா மார்சன் அம்மையார் 1943-இல், மேற்கிந்தியத் தீவுகளின் எழுத்தாளர்களுக்காகப் பிபிசியில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். 'கரிபியன் குரல்கள்' என்று தமிழில் சொல்லலாம். 1946-இலிருந்து ஹென்றி ஸ்வான்சி என்ற அயர்லாந்துக்காரர் அதை நடத்தினார். 1958 வரை அது நடந்தது.

நிகழ்ச்சி எப்படி உருவானது என்று கேளுங்கள், மாணவர்களே. தீவில் இருக்கும் ஒருவர் கதையோ கவிதையோ எழுதித் தபாலில் ஜமைக்காவுக்கு அனுப்புவார். அங்கே பொறுப்பாக இருந்தவர் கிளாடிஸ் லிண்டோ என்ற பெண்மணி. அவர் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து லண்டனுக்கு அனுப்புவார். லண்டனில் அதை வாசித்து, நல்லது கெட்டது பேசி, சிற்றலை வழியாகத் திரும்பவும் தீவுகளுக்கே ஒலிபரப்புவார்கள். காகிதமாகக் கடல் தாண்டிப் போனது, குரலாகத் திரும்பி வந்தது.

சிற்றலை அவ்வளவு தூரம் எப்படிப் போகிறது? பூமி உருண்டை, வானொலி அலையோ நேராகப் போகக்கூடியது. ஆனால் நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வெயிலின் வேகத்தால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு இருக்கிறது. அதற்கு அயனி மண்டலம் என்று பெயர். சிற்றலை அதில் பட்டு வளைந்து தரைக்குத் திரும்பும். சுவரில் அடித்த பந்து திரும்புவதுபோல, தரைக்கும் வானத்துக்குமாக எகிறி எகிறிக் கடல் தாண்டிவிடும். லண்டனில் பேசியது டிரினிடாட்டில் கேட்டதன் இரகசியம் இதுதான்.

அந்த நிகழ்ச்சியால் என்ன விளைந்தது? சாமுவேல் செல்வன் என்று ஒரு எழுத்தாளர். 1923-இல் டிரினிடாட்டில் பிறந்தவர். பெயரைப் பாருங்கள், செல்வன்! அவர் தந்தை சென்னையிலிருந்து போன தமிழர். செல்வன் போர்க்காலத்தில் கடற்படையில் வானொலித் தந்தி இயக்குபவராக வேலை செய்தார். பிறகு பத்திரிகை வேலை. கதை எழுதி 'கரிபியன் குரல்கள்' நிகழ்ச்சிக்கு அனுப்பினார். 1950-இல் லண்டனுக்குக் கப்பலேறினார். 1952-இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. கரும்புத் தோட்டப் பகுதியில் பிறந்த ஓர் இந்திய இளைஞன், பதினாறு வயதில் கல்யாணமாகி, வேறு ஊருக்குக் குடிபோய், தானாகவே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, "உலகத்தில் இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்கத் தொடங்கும் கதை அது.

1956-இல் அவர் எழுதிய இன்னொரு நாவல் லண்டனில் பிழைக்கப் போன தீவு மக்களைப் பற்றியது. முதலில் அதைப் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார். சரியாக வரவில்லை. பிறகு தம் ஊர் மக்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். கதை தானாக நடந்தது. வீட்டுப் பேச்சைக் கேட்டு "இது கொச்சை" என்று முகம் சுளிக்கிற படித்த பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தேர்வுத் தாளில் செந்தமிழ் எழுதுங்கள். அதில் சமரசம் இல்லை. அதற்காகப் பாட்டியின் பேச்சைக் கேவலமாக நினைக்காதீர்கள். அந்தப் பேச்சுக்குள் ஒரு நாவலே இருக்கலாம்.

இன்னொருவர் வி. எஸ். நைபால். இவரும் டிரினிடாட் இந்தியர். இவருடைய தந்தை சீபர்சாத், பத்திரிகையாளர். எழுத வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஏங்கியவர். அந்தத் தந்தையின் கதைகள் 'கரிபியன் குரல்கள்' நிகழ்ச்சியில் ஒலிபரப்பாயின. தந்தை 1953-இல் காலமானார். மறு ஆண்டே அந்த நிகழ்ச்சியின் ஆசிரியர் பொறுப்பு மகனுக்கு வந்தது. மைக்கில் சலசலப்புச் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காகப் பிபிசி ஒருவகை மெதுவான காகிதம் வைத்திருந்தது. அந்தக் காகிதத்தைத் தட்டச்சுப் பொறியில் செருகித்தான், பிபிசியின் ஓர் அறையில் உட்கார்ந்து, நைபால் தம் முதல் புத்தகத்தின் முதல் கதையை அடித்தார். தம் தெருவில் வாழ்ந்த மனிதரைப் பற்றிய கதை. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே நிகழ்ச்சியில் இளவயதில் கவிதைகள் ஒலிபரப்பான டெரெக் வால்காட் என்பவருக்கு 1992-இலேயே அந்தப் பரிசு கிடைத்திருந்தது.

வாரம் ஒருமுறை வந்த ஒரு சின்ன வானொலி நிகழ்ச்சி! அவர்களுக்கு அது என்ன கொடுத்தது? எழுதியதைக் கேட்க ஒரு காது இருக்கிறது என்ற நம்பிக்கையைக் கொடுத்தது. "உங்கள் ஊரைப் பற்றி, உங்கள் மக்களைப் பற்றி எழுதுங்கள், நாங்கள் கேட்கிறோம்" என்று யாரோ சொன்னார்கள். அதுபோதும், ஒரு தலைமுறையே எழுந்து உட்கார்ந்தது.

கேள்வி கேட்கத் தெரிந்த மனிதர்

மூன்றாவது உதாரணம் அமெரிக்காவின் சிகாகோ நகரம். ஸ்டட்ஸ் டெர்க்கல் என்று ஒருவர், 1912-இல் பிறந்தவர். சட்டம் படித்தார், வழக்கறிஞராகப் போகவில்லை. அவருடைய பெற்றோர் தொழிலாளர்கள் தங்கும் விடுதி நடத்தினார்கள். மாலையில் வேலை முடிந்து வந்தவர்கள் விடுதிக் கூடத்தில் உட்கார்ந்து அரசியல், சங்கம், கடவுள் என்று வாதாடுவார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இவர்.

1952 முதல் 1997 வரை, 45 ஆண்டுகள், ஒரே வானொலி நிலையத்தில் எழுத்தாளர்களையும் சிந்தனையாளர்களையும் பாட்டுக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசினார். மார்ட்டின் லூதர் கிங் வந்திருக்கிறார். கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் வந்திருக்கிறார். புதுமையான கட்டடங்களைப் பற்றியும் வருங்காலத் தொழில்நுட்பத்தைப் பற்றியும் சிந்தித்த பக்மின்ஸ்டர் புல்லர் வந்திருக்கிறார். விருந்தினர் எழுதிய புத்தகத்தை முழுதும் படித்து, பக்கமெல்லாம் கோடு போட்டு, ஓரமெல்லாம் குறிப்பு எழுதிக்கொண்டுதான் டெர்க்கல் உட்காருவாராம். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒலிப்பதிவுக் கருவியோடு எப்போதும் மல்லுக்கட்டுவார். மெஷின் தெரியாதது அவருக்குக் குறையாக இருக்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தது.

எழுத்தாளர்களிடம் கேட்ட அதே மரியாதையோடு உழைப்பாளிகளிடமும் கேட்டார். 1974-இல் 'வேலை' என்று பொருள்படும் புத்தகத்தை வெளியிட்டார். கல் கொத்துபவர், உணவுக்கடையில் பரிமாறும் பெண், குழி வெட்டுபவர் எனப் பலரும் தங்கள் வேலையைப் பற்றித் தங்கள் வாயாலேயே சொன்னது அப்படியே அதில் இருக்கிறது.

அவர் அடிக்கடி சொன்ன நிகழ்ச்சி ஒன்று. ஏழைகள் குடியிருப்பில் ஒரு தாயிடம் பேசி ஒலிப்பதிவு செய்தார். பிள்ளைகள் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டுமென்று துள்ளின. போட்டுக் காட்டினார். தன் குரலை முதன்முதலாகக் கேட்ட அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டார். தனக்குள் இப்படியெல்லாம் எண்ணம் இருந்தது தனக்கே தெரியாது என்றாராம்.

பெற்றோர்களே, உங்களிடம் இப்படி யாராவது கேட்டிருக்கிறார்களா? கணக்கு கேட்டிருப்பார்கள், எடை கேட்டிருப்பார்கள். உங்கள் எண்ணத்தைக் கேட்டவர் எத்தனை பேர்?

நம் வீட்டுக்கு வருவோம்

இப்போது நம் நிலைமையைப் பார்ப்போம். ரேடியோப் பெட்டி வீட்டுக்குப் பொதுவாக இருந்தது. கைப்பேசி ஆளுக்கொன்றாக இருக்கிறது. காதில் கருவியைச் செருகிக்கொண்டு பிள்ளை ஒரு மூலையில், அப்பா ஒரு மூலையில், அம்மா அடுப்படியில். மூன்று பேரும் ஏதோ கேட்கிறார்கள், ஒருவரையொருவர் கேட்பதில்லை. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. டெர்க்கலின் பழைய உரையாடல்கள்கூட இன்று இணையத்தில் கிடைக்கின்றன. தமிழிலும் எழுத்தாளர் பேட்டிகள் நிறையக் கிடைக்கின்றன. கைப்பேசியை மேசைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, குடும்பமாக உட்கார்ந்து கேட்டால் அதுவும் ரேடியோதான்.

அதைவிட எளிதானது ஒன்று உண்டு. நூலகத்தில் எடுத்துவந்த புத்தகத்தைப் பிள்ளை படித்து முடித்ததும் எதிரே உட்காரவையுங்கள். "கதைய சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். சொல்லி முடித்ததும், "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று கேளுங்கள். "நீயா இருந்தா என்னா செஞ்சிருப்பே?" என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடியும் கேள்வி வேண்டாம். கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள். பதில் சொன்னால், அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். டெர்க்கல் செய்ததும் இதுதான். இதைச் செய்ய உங்களுக்கு எழுத்துத் தெரிய வேண்டாம். புத்தகத்தைப் படித்தவர் பிள்ளை. பேட்டி எடுப்பவர் நீங்கள். கேள்வி கேட்கும் ஒருவர் வீட்டில் காத்திருக்கிறார் என்று தெரிந்தால், பிள்ளை கவனமாகப் படிக்கும். பதிவுப் புத்தகத்தில் தலைப்பை மட்டும் எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது!

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீங்களும் பேட்டி எடுக்க வேண்டும். யாரை? உங்கள் வீட்டு அறிஞர்களை.

தாத்தா பால்மரம் வெட்டியவர் என்றால் கேளுங்கள்: "ஏன் தாத்தா இருட்டுல போயி வெட்டுனீங்க?" விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும் என்பது அறிவியல். தாத்தா அதை வேறு வார்த்தையில் சொல்வார். "வெட்டை ஏன் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறக்குனீங்க?" என்று கேளுங்கள். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்து போகின்றன. அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டு மங்கு நிறையும். பட்டையை வெட்டலாம், அதற்குள் இருக்கும் மரத்தைத் தொடக்கூடாது, தொட்டால் காயம். இந்தக் கணக்கைக் கையிலேயே வைத்திருந்த மனிதரைத்தான் 'படிக்காதவர்' என்கிறோம்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏன் தெரியுமா? ஆர்வெல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வானொலி நிலையத்தில் இருந்தார். எத்தனையோ முறை மைக்கில் பேசினார். அவர் வாசித்த எழுத்துப் பிரதிகள் கிடைத்திருக்கின்றன. அவருடைய குரல் பதிவு ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை. உலகப் புகழ் பெற்றவர் குரலுக்கே இந்தக் கதி. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்கள் எத்தனையோ. லயம் உடைந்து ஆட்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட தோட்டங்களும் எத்தனையோ. உளி பிடித்த கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வருகின்றன. தாத்தாவின் குரலை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்? பிபிசி எடுத்து வைக்காது. உங்கள் அப்பாவின் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

வரும் பள்ளி விடுமுறையில் ஆளுக்கொரு பேட்டி எடுத்து வாருங்கள். பத்து நிமிடம் போதும். முதலில் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். வகுப்பில் வாசிப்போம், அதைப் பற்றிப் பேசுவோம். அடுத்த ஆண்டு மலரில் அந்த எழுத்துகள் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை. டிரினிடாட் கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லண்டனில் ஒரு காது கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் காது இந்தப் பள்ளியிலும், அதற்கு முன்பாக உங்கள் வீட்டிலும் இருக்க வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த முறை தேர்ச்சி அறிக்கை வாங்க வரும்போது, "எனக்கென்னா தெரியும் சார்?" என்று சொல்லாதீர்கள். "எம் புள்ள இந்த மாசம் மூணு கதை சொல்லுச்சு சார், ரெண்டு நல்லா இருந்துச்சு, ஒண்ணு எனக்குப் புடிக்கல" என்று சொல்லுங்கள். ஏன் பிடிக்கவில்லை என்று நான் கேட்பேன். நாம் இருவரும் உட்கார்ந்து பேசுவோம். அன்றைக்கு இந்தப் பள்ளியில் எல்லாரும் புத்தகம் படித்தவர்கள் ஆவோம்.

பரிசு பெற்ற மாணவர்களுக்கு என் நல்வாழ்த்துகள். பரிசு பெறாதவர்களுக்கு அடுத்த ஆண்டு காத்திருக்கிறது.